இந்த வார வானிலை: கரீபியனில் ஆரஞ்சுப் பரப்பு, புளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் நாம் கவனிக்க வேண்டியவை

விரிகுடாக்காரன் | திங்கள், காலை 9.10

அமெரிக்காவின் தேசிய ஹரிக்கேன் (கடும்புயல்) மையம் இன்று காலை 8 மணிக்கு வெளியிட்ட வெப்பமண்டல வானிலை அறிக்கையில், மேற்குக் கரீபியன் கடலின் மீது ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய பரப்பு குறிக்கப்பட்டுள்ளது. அங்கே 2 நாட்களுக்குள் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாக 10 சதவீதமும், 7 நாட்களுக்குள் உருவாக 50 சதவீதமும் வாய்ப்பிருப்பதாகக் கணித்திருக்கிறார்கள். அந்தப் படம் காலையிலிருந்தே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது என்பதால், வழக்கமான வார இழையைச் சற்று முன்னதாகவே தொடங்குகிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடிய பகுதி. திங்கள் முதல் புதன் வரை கிழக்குக் காற்று நீடிக்கும். கிழக்குக் காற்று வீசும் நாட்களில் நம் மேற்குக் கரையின் கடற்காற்று உள்ளே நுழைய முடியாமல் கரையோரமாகவே தேங்கி நிற்கும். ஆகவே காலை தெளிவாக விடிந்து, இடிமழை பிற்பகல் பிந்தி ஐ-75 நெடுஞ்சாலைக்கு மேற்கே வலுத்து, பினல்லாஸ் கடற்கரைகளில் இருட்டிய பின்னரே ஓயும். பகல் வெப்பம் 90 அல்லது 91 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். ஈரப்பதம் சேர்ந்து உடல் உணர்வது 100-ஐத் தாண்டும். வியாழன் முதல் தெற்கிலிருந்து ஈரக்காற்று ஏறுவதால் மழையின் பரப்பும் அளவும் கூடும். சனி, ஞாயிறு பற்றி இன்று எவரேனும் துல்லியமாகச் சொன்னால், அவரை நம்ப வேண்டாம் என்பதே என் பணிவான கருத்து.

ஆரஞ்சு நிறம் குறித்து ஒரு விளக்கம். 40 சதவீதத்துக்குக் கீழே மஞ்சள், 40 முதல் 60 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. இந்தச் சதவீதம் ஒரு சுழற்சி உருவாகுமா என்பதை மட்டுமே சொல்கிறது; நம்மைத் தாக்குமா என்பதை அன்று. அதேபோல், வண்ணம் பூசிய பரப்பு அது உருவாகக்கூடிய இடமே தவிர, செல்லப்போகும் பாதை அன்று.


புதுவரவு | திங்கள், காலை 10.02

வணக்கம். நாங்கள் சென்ற டிசம்பரில்தான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குக் குடிவந்தோம். இதுவே எங்களுக்கு முதல் ஹரிக்கேன் பருவம். ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இன்சுலின் உண்டு. நண்பர் ஒருவர் அனுப்பிய கணினி வானிலை மாடல் படத்தில், ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு பெரிய சுழல் நேராக டாம்பாவுக்குள் நுழைவதாகக் காட்டுகிறது. இப்போதே அட்லாண்டாவில் ஓட்டல் எடுத்துவிடலாமா? பெற்றோரை விமானம் ஏற்றிவிடுவது நல்லதா?


மழைமானி | திங்கள், காலை 11.35

புதுவரவு அவர்களே, அந்தப் படத்தை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். அது அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாடலின் ஒரே ஒரு ஓட்டம். ஒரு நாளைக்கு நான்கு முறை அந்த மாடல் ஓடுகிறது. இன்று மாலை ஓட்டத்தில் அதே சுழல் லூசியானாவுக்குப் போகலாம், அல்லது காணாமலே போய்விடலாம். மேற்குக் கரீபியனில் இல்லாத புயல்களை உருவாக்கிக் காட்டுவதில் அந்த மாடலுக்கு நெடுநாள் பெயர் உண்டு. மேலும், ஒரு மையம் உருவாகும் முன்னர் எந்த மாடலுக்கும் தொடக்கப்புள்ளி சரியாகக் கிடைப்பதில்லை. தொடக்கப்புள்ளி 100 மைல் விலகினால், பாதை எத்தனை மைல் விலகும் என்று எண்ணிப் பாருங்கள். விமானங்கள் உள்ளே பறந்து காற்றையும் அழுத்தத்தையும் அளந்து அந்தத் தரவு மாடல்களுக்குள் போன பிறகுதான் கோடுகள் ஒன்றுசேரத் தொடங்கும்.

ஆனால், கவலையே வேண்டாம் என்று சொல்லவும் நான் தயாரில்லை. செப்டம்பர் 10-ஐ ஒட்டிய உச்சத்தில் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வரும் அலைகளே பெரும்பாலும் பேசப்படுகின்றன. பருவம் பிந்தப் பிந்த, உருவாகும் இடம் மேற்குக் கரீபியனுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் நகர்கிறது. அங்கே உருவாகுபவை வடக்கே திரும்பினால் முதலில் எதிர்ப்படும் நிலங்களில் ஒன்று புளோரிடா. தூரமும் குறைவு, தயாராகக் கிடைக்கும் நாட்களும் குறைவு. 2024 அக்டோபர் 7 அன்று மில்ட்டன் ஹரிக்கேன் ஏறக்குறைய ஒரே நாளில் முதல் வகையிலிருந்து, காற்று வேகத்தில் உச்சமான ஐந்தாம் வகைக்கு ஏறியது. 9-ஆம் தேதி இரவு கரையைக் கடந்தது. ஆகவே ஓட்டல் இன்று தேவையில்லை. ஆனால் புயலின்போது யார் முதலில் வெளியேற வேண்டும் என்று அதிகாரிகள் வகுத்துள்ள மண்டலங்களில், உங்கள் வெளியேற்ற மண்டலம் எது என்பதை இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.


பிராண்டன் பக்கம் | திங்கள், பிற்பகல் 1.20

ஒவ்வோர் ஆண்டும் இதே கதைதான். மில்ட்டனின்போது டாம்பா விரிகுடாவில் கடல்நீர் 10 அடிக்கு மேல் எழும் என்று தொலைக்காட்சியில் ஓயாமல் சொன்னார்கள். பயந்துபோய்க் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஜார்ஜியா வரை ஓட்டினேன். வழியெல்லாம் நெரிசல், பெட்ரோல் கிடைக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால், விரிகுடாவில் நீர் எழவும் இல்லை, மாறாக வற்றியிருக்கிறது. ஐயன் ஹரிக்கேனின்போதும் அப்படித்தான். பேஷோர் சாலையோரம் கடல் உள்வாங்கி, மக்கள் சேற்றில் நடந்து படம் எடுத்துக்கொண்டார்கள். எச்சரிக்கையாக இருக்கச் சொல்வது வேறு. இப்படிப் பதைபதைக்க வைப்பது வேறு. இத்தனைக்கும் என் வீடு கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது.


விரிகுடாக்காரன் | திங்கள், மாலை 6.45

பிராண்டன் நண்பரின் சலிப்பு புரிகிறது. ஆனால் அவர் எடுத்துக்காட்டிய இரண்டு புயல்களுமே அவருடைய முடிவுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கின்றன. இதைச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். இந்த வாரத்து அறிக்கையை எப்படிப் படிக்க வேண்டும் என்பதன் சாரமே இதில்தான் இருக்கிறது.

நம் அரைக்கோளத்தில் புயலின் காற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. புயலின் மையம் நமக்குத் தெற்கே கரையைக் கடந்தால், இங்கே காற்று கிழக்கிலும் வடகிழக்கிலும் இருந்து வீசி, விரிகுடா நீரை வளைகுடாவுக்குள் தள்ளிவிடும். மையம் நமக்கு மேற்கே கடலிலேயே வடக்கு நோக்கிப் போனாலோ, நமக்கு வடக்கே கரையேறினாலோ, காற்று தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வீசி, வளைகுடா நீரை விரிகுடாவின் வாய் வழியாக உள்ளே ஏற்றும். புளோரிடாவின் மேற்குக் கரைக்கு வெளியே கடலடி வெகுதூரம் ஆழமின்றிக் கிடக்கிறது. ஏறிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் நிலத்தின் மேல் பரவும். சாய்த்த தட்டில் நீர் எந்த விளிம்பில் வழியும் என்பது தட்டைச் சாய்த்த பக்கத்தைப் பொறுத்தது அல்லவா? அவ்வளவுதான்.

ஐயன் 2022 செப்டம்பர் 28 அன்று நமக்கு வெகு தெற்கே கேயோ கோஸ்டா தீவில் கரையேறியது. மில்ட்டன் சரசோட்டாவுக்கு அருகே சியஸ்டா கீயில் கரையேறியது. இரண்டும் நமக்குத் தெற்கே. ஆகவே இங்கே நீர் வற்றியது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது வற்றவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் சியஸ்டா கீக்கும் நேர்கோட்டில் 40 மைல் கூட இல்லை. ஹரிக்கேன் மையத்தின் ஐந்தாம் நாள் கணிப்பில் சராசரிப் பிழை ஏறக்குறைய 200 மைல் அளவில் இருக்கிறது. ஒரு நாள் முன்னதாகவும்கூட, அந்த 40 மைல் வேறுபாட்டை உறுதியிட்டுச் சொல்லும் அறிவியல் இன்று எவரிடமும் இல்லை. மில்ட்டன் சற்று வடக்கே கரையேறியிருந்தால், தொலைக்காட்சியில் சொன்ன 10 அடி நம் வரவேற்பறையில் நின்றிருக்கும். தப்பித்தது நம் பாக்கியம். கணிப்பின் குற்றம் அன்று.

இனி ஹெலீன். 2024 செப்டம்பர் 26. அதன் மையம் நமக்கு 100 மைலுக்கு மேல் மேற்கே கடலில் சென்று, இரவு 11 மணியளவில் பிக் பெண்ட் பகுதியில் கரையேறியது. கடைசி நாளில், புயல் மையம் செல்லக்கூடிய பாதையை வரைபடத்தில் காட்டும் கூம்பு நம்மைத் தொடவே இல்லை. பகலில் இங்கே காற்றும் மழையும் அவ்வளவு மோசமாகவும் இல்லை. ஆனால் இரவு கடல் உள்ளே வந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அளவுமானியில் நீர், வழக்கமான உயர் ஓதத்துக்கு மேல் 6 அடியைத் தாண்டி, 1985-இல் எலீனா புயல் ஏற்படுத்திய பழைய உச்சத்தை வெகுவாக மிஞ்சியது. பினல்லாஸ் கவுண்டியில் (மாவட்டத்தில்) மட்டும் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஷோர் ஏக்கர்ஸ் பகுதியில் மறுவாரம் ஒரு நண்பரின் வீட்டைத் துப்புரவு செய்யப் போயிருந்தேன். சுவரில் நீர்க்கோடு மின் பொத்தான்களுக்குச் சற்றுக் கீழே நேராக ஓடியது; அதற்குக் கீழே ஜிப்சம் பலகை ஈரம் குடித்து, விரலால் அழுத்தினால் குழைந்தது. அந்த வீட்டின் கூரையில் ஓர் ஓடு கூட நகரவில்லை.

எனவே ஞாயிற்றுக்கிழமைக்கு நான் கேட்கும் கேள்வி, புயல் டாம்பாவுக்கு வருமா என்பதன்று. அது நமக்கு எந்தப் பக்கமாகப் போகும் என்பதுதான். நேரே வருவதைவிட, தொலைவில் கடந்துபோவது சில வேளைகளில் நமக்குப் பெரிய கேடு.


மழைமானி | திங்கள், இரவு 8.15

கூம்பைப் பற்றி ஒரு சேர்க்கை. கடந்த 5 ஆண்டுகளின் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளடங்கும்படி அதன் அகலம் வரையப்படுகிறது; அதாவது மூன்றில் ஒரு முறை மையமே கூம்புக்கு வெளியே போகலாம். கூம்பு மையத்தின் பாதையை மட்டும் காட்டுகிறது. காற்று எவ்வளவு தூரம் வீசும், நீர் எங்கே ஏறும் என்பதற்கு அதில் இடமே இல்லை. 2004 ஆகஸ்டு 13 அன்று சார்லி புயல் டாம்பாவை நோக்கி வருவதாக நடுக்கோடு காட்டியது. அது வலப்புறம் திரும்பி நான்காம் வகைப் புயலாகப் புன்டா கோர்டாவைத் தாக்கியது. புன்டா கோர்டா தொடக்கத்திலிருந்தே கூம்புக்குள்தான் இருந்தது. ஆனால் மக்கள் கோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் முதலில் திறப்பது வேறு இரண்டு படங்களை. ஒன்று, கடல்நீர் உச்ச எழுச்சிப் படம். மற்றொன்று, மணிக்கு 39 மைல் வேகக் காற்று நம் ஊரை எட்டக்கூடிய நேரத்தைக் காட்டும் படம்; நாம் தயாரிப்பு வேலைகளை முடிப்பதற்கு அந்த நேரமே கடைசி எல்லை. கரையோரத்தில் ரஸ்கினில் இருக்கும் தேசிய வானிலைச் சேவை அலுவலகத்தின் உள்ளூர் அறிக்கையையும் அவற்றோடு சேர்த்து வாசியுங்கள்.


பிராண்டன் பக்கம் | செவ்வாய், காலை 7.30

கரையோரத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அந்த வடக்கு, தெற்கு வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக இதுவரை எவரும் எனக்குச் சொன்னதில்லை. ஆயினும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. எந்த வெளியேற்ற மண்டலத்திலும் சேராத, உறுதியான கான்கிரீட் வீட்டில் இருப்பவர்கள் ஏன் ஊரை விட்டு ஓட வேண்டும்?


விரிகுடாக்காரன் | செவ்வாய், காலை 8.20

ஓட வேண்டியதில்லை. அதிகாரிகளே அதைத்தான் சொல்கிறார்கள்: நீரிடமிருந்து விலகு, காற்றிடமிருந்து மறை. நீங்கள் மில்ட்டனின்போது ஜார்ஜியாவுக்குப் போனதால், கரையோரத்திலிருந்து கட்டாயம் வெளியேற வேண்டிய ஒரு குடும்பத்துக்குச் சாலையில் இடமும் பெட்ரோலும் குறைந்தன என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன். முதலில் வெளியேற வேண்டிய ஏ மண்டலத்தில் இருப்பவர் நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்யத் தேவையில்லை; உயரமான இடத்தில் 20, 30 மைல் உள்ளே ஒரு நண்பர் வீடு போதும். இழுசக்கர வீடுகளில் (மொபைல் ஹோம்) வாழ்பவர்கள் மட்டும், எந்த மண்டலமானாலும், கிளம்பித்தான் ஆக வேண்டும்.

உள்நாட்டில் மறக்கப்படுவது மழை. மில்ட்டனின்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல் பெய்தது. வித்லாகூச்சி ஆறு, புயல் போன பல நாட்களுக்குப் பின்னரே பாஸ்கோ கவுண்டியில் உச்சத்தைத் தொட்டது. உங்கள் குடியிருப்பின் பின்னே அழகுக்காகத் தோண்டியதுபோல் தெரியும் குளம் உண்மையில் மழைநீரை வாங்குவதற்கானது. அது வியாழன், வெள்ளி மழையிலேயே நிரம்பிவிட்டால், ஞாயிறு மழைக்கு எங்கே இடம்? இந்த வாரம் அதன் வெளிவாயிலில் குப்பை அடைத்திருந்தால் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.


புதுவரவு | செவ்வாய், பகல் 12.10

இரண்டு ஐயங்கள். எங்கள் வீட்டுப் பத்திரத்தில் வெள்ள மண்டலம் எக்ஸ் என்று இருக்கிறது. வீடு வாங்கித் தந்த முகவரும் வெள்ள அபாயம் இல்லை என்றார். ஆனால் கவுண்டி இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால் வெளியேற்ற மண்டலம் பி என்று வருகிறது. எது சரி? இரண்டாவது, வெள்ளக் காப்பீடு இல்லை. இந்த வாரம் எடுத்தால் உதவுமா?


பாலிசிக்காரி | செவ்வாய், பிற்பகல் 3.40

காப்பீட்டுத் துறையில் வேலை பார்ப்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

இரண்டும் சரி, ஆனால் இரண்டும் வேறு வேறு. மத்திய அரசின் அவசரகால மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் வெள்ள மண்டலம், கடன் கொடுக்கும் வங்கியும் காப்பீடும் நீண்டகால அபாயத்தைக் கணக்கிடுவதற்கு உரியது. வெளியேற்ற மண்டலம், ஒரு புயலின் கடல்நீர் எழுச்சியில் எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்பதைக் கொண்டு ஏ முதல் ஈ வரை வகுக்கப்பட்டது. எக்ஸ் மண்டலத்து வீடு, பி மண்டலத்தில் மட்டுமன்று, ஏ மண்டலத்திலும் இருக்கலாம். கவுண்டி ‘பி வெளியேறுக’ என்று அறிவித்தால், பத்திரத்தைக் காட்டி உட்கார்ந்திருக்க முடியாது.

காப்பீட்டைப் பொறுத்தவரை, அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் 30 நாள் காத்திருப்பு உண்டு. புதிய வீட்டுக்கடன் முடிக்கும்போது எடுப்பது போன்ற சில நிலைகளில் மட்டுமே அதற்கு விலக்கு. ஆகவே இந்த வாரத்துக்கு அது உதவாது. ஆனாலும் எடுத்துவிடுங்கள், பருவம் நவம்பர் 30 வரை நீள்கிறது. அந்தத் திட்டத்தில் வீட்டுக் கட்டடத்துக்கு 2,50,000 டாலரும் உள்ளிருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலரும் உச்சவரம்பு. பொருட்களுக்குத் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

உங்களிடம் ஏற்கெனவே உள்ள வீட்டுக் காப்பீடு, காற்று கூரையைப் பெயர்த்து அதன் வழியே மழை இறங்கினால் பொறுப்பேற்கும். தரைவழியே நீர் நுழைந்தால் ஏற்காது. ஹரிக்கேனுக்கென்று தனி டிடக்டபிள், அதாவது நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை, இருக்கும். அது பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் இத்தனை சதவீதம் என்று எழுதப்பட்டிருக்கும். 4,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால், முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து போகும். இன்னொன்று: புயல் வரக்கூடும் என்ற முன்னறிவிப்பான ‘வாட்ச்’ அறிவித்துவிட்டால் காப்பீட்டு நிறுவனங்கள் புதிய பாலிசி எழுதுவதையும் இருக்கும் பாலிசியை மாற்றுவதையும் நிறுத்திவிடும். திருத்தம் ஏதேனும் இருந்தால் இன்று மாலைக்குள் அழையுங்கள். இன்றிரவே கைபேசியில் ஒவ்வோர் அறையையும், அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.


விரிகுடாக்காரன் | புதன், காலை 8.50

காலை 8 மணி அறிக்கையில் 7 நாள் வாய்ப்பு 70 சதவீதமாக உயர்ந்து, நிறம் சிவப்பாகியிருக்கிறது; 2 நாள் வாய்ப்பு 40. மையம் இன்னும் உருவாகவில்லை. நாளை தேவைப்பட்டால் விமானம் அனுப்பப்படும் என்று குறிப்பிட்டுள்ளார்கள். ஐரோப்பிய மாடல் பாதையை வளைகுடாவின் நடுவே வைக்கிறது. ஜிஎஃப்எஸ் நேற்றைவிட மேற்கே தள்ளிவிட்டது. மேற்கே போகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். ஹெலீனும் மேற்கே போனதுதான்.

நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுவோம். 39 மைல் காற்று ஞாயிறு மாலை எட்டும் என்று வைத்துக்கொண்டால், வாட்ச் அதற்கு 48 மணி நேரம் முன், அதாவது வெள்ளி மாலை வரும். புயல் எதிர்பார்க்கப்படுகிறது என்ற எச்சரிக்கையான வார்னிங் 36 மணி நேரம் முன், சனி அதிகாலை வரும். காற்று 40 மைலை நெருங்கும்போது சன்ஷைன் ஸ்கைவே பாலம் மூடப்படும்; அப்போது பினல்லாஸ் தீபகற்பத்திலிருந்து வெளியேறும் வழிகள் குறைந்துவிடும். எனவே ஏ, பி மண்டலத்தவர்கள் பெட்ரோலை வெள்ளிக்கு முன்பே நிரப்பிக்கொள்வது நலம். மின்வாகனம் வைத்திருப்பவர்கள் அதை உயரமான வாகன நிறுத்தத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். உப்பு நீரில் மூழ்கிய மின்கலம் நீர் வடிந்த பிறகும் தீப்பிடிக்கக்கூடும். ஜெனரேட்டரை வீட்டிலிருந்து 20 அடி தள்ளியே வைக்க வேண்டும். கராஜ் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று எண்ணுபவர்கள் ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் செய்தியில் வருகிறார்கள்.


புதுவரவு | புதன், காலை 9.40

நன்றி. அப்பாவின் இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க மின்சாரம் வேண்டுமே என்பதுதான் என் கவலை. கவுண்டியின் சிறப்புத் தேவை முகாமில் முன்பதிவு செய்ய வேண்டுமா?


மழைமானி | புதன், காலை 10.05

பதிவு செய்துவிடுங்கள், கவுண்டியின் அவசரகால மேலாண்மைத் துறை அதை ஏற்கும். ஆனால் அந்த முகாம், ஆக்சிஜன் போன்ற கருவிகளுக்கு இடைவிடாத மின்சாரமோ மருத்துவக் கண்காணிப்போ தேவைப்படுபவர்களுக்கு முன்னுரிமை தரும். இன்சுலின் மட்டும் என்றால், உறவினர் வீடோ நண்பர் வீடோ அப்பாவுக்கு அதைவிட வசதி. மருந்துக்கடையில் மறுநிரப்பலை நாளைக்கே வாங்கிவிடுங்கள். ஐஸ் பெட்டியில் இன்சுலின் நேரடியாக ஐஸைத் தொடக்கூடாது, உறைந்துவிட்டால் பயன்படாது.


பிராண்டன் பக்கம் | புதன், காலை 10.30

புதுவரவு, எங்கள் வீட்டில் கீழ்த்தளத்திலேயே ஓர் அறை காலியாக இருக்கிறது. மாடி ஏற வேண்டியதில்லை. எங்கள் தெரு எந்த மண்டலத்திலும் இல்லை. நேற்றிரவு முகவரி கொடுத்துச் சரிபார்த்துவிட்டேன். ஜெனரேட்டர் குளிர்பெட்டியை ஓட்டும். ஏசியை ஓட்டாது, அதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பி மண்டலத்துக்கு அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல், சனி காலையிலேயே அம்மா அப்பாவோடு வந்துவிடுங்கள். தனிச்செய்தியில் முகவரி அனுப்பியிருக்கிறேன்.


புதுவரவு | புதன், காலை 10.48

மிக்க நன்றி அண்ணா. அம்மாவிடம் சொன்னேன், வெறும் கையோடு போகக்கூடாது என்று இப்போதே புளிக்காய்ச்சல் கிளறத் தொடங்கிவிட்டார். எங்களிடம் இரண்டு கார்கள் உள்ளன. இரண்டுக்கும் அங்கே இடம் இருக்குமா?


பிராண்டன் பக்கம் | புதன், காலை 10.55

இரண்டையும் கொண்டு வாருங்கள். ஒன்றை ஓக் மரத்துக்குத் தள்ளி நிறுத்திக்கொள்ளலாம்.